டில்லி அண்ணன் வேனும் முத்துப் பட்டாளத்துப் பாட்டும்

டில்லி அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் காலையில் வேன் எடுக்கக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர்தான்... எழுந்திருக்கவில்லை.

எங்கள் கம்பெனி வேன் டிரைவர். ஆவடியில் ஏற்றி, திருமுல்லைவாயில் வழியாக அம்பத்தூர் எஸ்டேட்டில் கொண்டுபோய் இறக்குவார். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் நாங்கள் பதினோரு பேர், ஆம்பளை அவர் ஒருத்தர். பாவம், வாயே திறந்திருக்க மாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வேனில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் போட்டதுதான் பாட்டு.

என்ன பாட்டு தெரியுமா? 'முத்துப் பட்டாளம்'. பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன். ஐந்து பள்ளிக்கூடத்துப் பெண்கள்... கழுத்தில் இருக்கிற முத்தைத் தொட்டால் டிரஸ் பளபளவென்று மாறி, மாயசக்தி வந்து, பூதத்தைப் புரட்டி எடுப்பார்கள்.

அவர் மகள் சரண்யா சின்ன வயதில் பார்த்தது. சரண்யா வளர்ந்து, கல்யாணமாகி, பூந்தமல்லிக்கும் போய்விட்டாள். அப்பாதான் வளரவே இல்லை.

"இன்னா அண்ணாத்தே, உனக்கும் அந்த மாரி பாவாட ஒண்ணு எட்த்துத் தரட்டா?" என்று கேட்பேன்.

"மொதல்ல பாட்ட கேளுமே. காதுல பஞ்சு வச்சிகினு பேசாத."

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டைட்டில் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு. "மொத பாகத்துப் பாட்டு கீதே, அது செல்ஃப் அட்ச்சதும் புடிக்கிற வண்டி. ரெண்டாவது சுமார், மேட்டுல மூச்சு வாங்குது. மூணாவதுல வயலின் ஷோக்காகீது, ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு அப்டி கத்துது? நாலாவது... அத்தப் பத்தி என் வண்டில பேசாத."

எனக்கு நாலாவதுதான் பிடிக்கும். அவரைச் சீண்டத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி, நிஜமாகவே பிடித்துவிட்டது.

"அதுல இன்னா கீது? டும்மு டும்முன்னு டிரம்ம ஒடைக்கிறான். பொண்ணுங்க பூதத்தோட சண்டைக்குப் போதா, மாப்ள அழைப்புக்குப் போதா?"

"மாப்ள அழைப்புன்னா நல்லதுதான அண்ணாத்தே!"

"எறங்கு. நடந்து வா."

ஒருநாள் உண்மையாகவே இறக்கிவிட்டுப் பத்தடி ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் ரிவர்ஸ் எடுத்து, "ஏறித் தொல" என்றார்.

எஸ்டேட் திருப்பம் வந்தால் அந்தப் பெண்கள் உருமாறுகிற பாட்டைப் போடுவார். அது முடிவதற்குள் நாங்கள் கோட்டு, தொப்பி, ஐடி கார்டு எல்லாம் மாட்டியாக வேண்டும். வேன் முழுக்க முழங்கை இடி... சிரிப்பு... லேட்டானவளைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்வார்: "பூதம் ஊரையே துன்னுட்டுப் பூட்ச்சு, நீ இன்னும் பட்டனே போடல!"

ரயில்வே கேட் போட்டால் மட்டும் நீலமுத்துப் பெண்ணின் சோகப் பாட்டு. அப்போது யாரும் பேசக்கூடாது, நான் உள்பட. கடைசி வரியில் அவள் குரல் உடையும். "இத்த அது வோணும்னே பாடல. அதுக்கே தாங்கல, அதான்" என்பார்.

போன வருஷம் அந்தக் கேட்டில்தான் சொன்னார். "நான் பூட்டா பேண்டு செட்டு மொத பாகத்துப் பாட்டுதான் வாசிக்கணும். இன்னா லலிதா?" சிரித்துக்கொண்டே கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நேற்று பேண்டு செட் வந்தது. நான் சொன்னதும் அவருடைய பெரியண்ணன் குதித்தார். "பொம்மப் படப் பாட்டா? நாலு பேரு காறித் துப்புவான்!"

டில்லி அண்ணன் சம்சாரம் கஸ்தூரி அண்ணி அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவுரு ஆசப்பட்டது. வாசிக்கட்டும். துப்புறவன் துப்பட்டும்."

கிளாரினெட் வாசிக்கிறவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டுகிற வேலை எனக்கு. கண்ணெல்லாம் தண்ணீர். போனில் எல்லாப் பாகத்துக்கும் அதே ஐந்து பெண்கள், அதே படம்... ஒன்றைத் தட்டி அவர் காதில் வைத்தேன். ஒப்பாரிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் இரண்டு தரம் கேட்டுத் தலையாட்டினார்.

அண்ணனைத் தூக்கினார்கள். பேண்டு ஆரம்பித்தது.

நாலாவது பாட்டு.

வேன் பெண்கள் பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, "அடிப்பாவி லலிதா! எயுந்து வந்து உன்ன ஒதைக்கப் போறாரு!" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவோம். முனைக்கு ஏழெட்டு வீடுதான் பாக்கி. கிளாரினெட்காரரிடம் ஓடினேன்.

"அண்ணா, இது இல்ல! வேற பாட்டு!"

"நீதானக்கா போட்டுக் காமிச்ச? நடு ரோட்டுல நான் இன்னா பண்றது?"

போனை யாரிடம் கொடுத்தேன் என்று தெரியவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் நானே பாட ஆரம்பித்துவிட்டேன். என் குரல் எப்படி என்று வேனில் வந்தவர்களைக் கேளுங்கள். அவர்களும் ஓடிவந்து கூடவே பாடினார்கள்... பதினோரு பேரும், தலைவிரிகோலமாக.

நடந்துகொண்டே கேட்டார் அந்த மனுஷன். டிரம்காரருக்குக் கை காட்டினார். கடைசி வீட்டு வாசலில் கிளாரினெட் திரும்பியது.

மொத பாகம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அதேதான்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாடை தூக்கிய பசங்கள் எல்லாம் அந்தக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள் போல... ஒருத்தன் முணுமுணுத்தான். இன்னொருத்தன் சேர்ந்தான். அடுத்த நிமிஷம் தாடியும் மீசையுமாக அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். ஒரு வரி மறக்கவில்லை.

நாங்கள் முனையில் நின்றோம். பாட்டு சுடுகாட்டு ரோட்டில் திரும்பும் வரைக்கும் கேட்டது.

மெதுவா போ அண்ணாத்தே...