பூவோடு உழுத கொள்ளு

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு காலை, கம்பெனி பஸ் ராயக்கோட்டையைத் தாண்டும்போது, பூத்து நின்ற கொள்ளுச் செடியை யாரோ டிராக்டரால் உழுது மண்ணில் மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி அப்பா வாரத்துக்கு எடுத்திருந்த மேட்டு நிலத்தில் ராகி வெளுத்துப்போய் கதிரே பிடிக்கவில்லை. மண்ணுக்குச் சத்து ஏறட்டும் என்று மறுபோகம் கொள்ளு விதைத்தார். பூத்ததும் அதை மடக்கி உழ ஏர் கட்டினார். அம்மா மாடுகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"காய் புடிக்கட்டும்ங்க. புள்ளைங்களுக்கு வேகவெச்சுக் குடுக்க வூட்ல என்னா இருக்குது?"

"இந்த வருசம் மண்ணு தின்னட்டும். வர்ற வருசம் நாம தின்னலாம். வழிய வுடு."

அம்மா விலகினாள். அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் நீர்த்த கூழைக் குடித்தோம்.

சித்திரை மழைக்குப் பிறகு நிலத்துக்காரர் வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து முகர்ந்து பார்த்தார்.

"மண்ணு நல்லா பொதபொதன்னு ஆயிருச்சே முனியப்பா! இந்த வருசம் நானே ராகி போட்டுக்கறன்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

ஆவணியில் அதே நிலத்துக்கு அம்மா களை எடுக்கக் கூலிக்குப் போனாள். திரும்பி வந்தவளிடம் அப்பா கேட்டார்.

"பயிர் எப்படி இருக்குது?"

"இப்பவே முழங்காலுக்கு மேல நிக்குது."

"நான் சொன்னன் இல்ல?" என்றார் அப்பா.

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கைகால் கழுவப் போனாள்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டு இன்றுதான் எழுதினேன். கார்த்திகை 9.