முயல் கதையை நம்பிய பெண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு நாள், கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் ரயிலில் ஒரு முஸ்லிம் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்களக் கிராமங்களில் துணி விற்பவர். வெள்ளைத் தொப்பி, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு, மடியில் பெரிய மூட்டை. எதைத் தின்றாலும் பாதியைப் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்பார். எனக்கும் பாதி வாழைப்பழம் கிடைத்தது.

எதிரே ஒரு சிங்களவர் தன் மகளுக்குப் புத்தரின் முற்பிறவிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பசியோடு வந்த விருந்தாளிக்கு உணவாவதற்காக ஒரு முயல் தீயில் பாய்ந்த கதை.

"முயலாவது, தீயில பாயிறதாவது!" என்று பெரியவரிடம் தமிழில் சொல்லிச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க தம்பி," என்றார் அவர். "சிங்களவங்களுக்கும் எங்க ஆளுங்களுக்கும் கலவரம் நடந்த வருஷம் என்னைய வெட்டத் தொரத்துனாங்க. ஒரு சிங்கள அம்மா நெல்லு அறையில மூணு நாளு ஒளிச்சு வச்சாங்க. 'தெரிஞ்சா ஒங்க வீட்டையும் கொளுத்திருவாங்களே'ன்னு அழுதேன். 'அந்த முயல் ஒடம்பையே குடுத்துச்சு, நான் எடம்தானே குடுத்தேன்'னு சொன்னாங்க."

"அப்ப நீங்களும் இந்தக் கதைய நம்புறீங்களா?"

அவர் சற்று யோசித்தார். "மறுபிறப்பு எங்க மார்க்கத்துல இல்ல. முயல் பாஞ்சுச்சோ இல்லையோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனா அத நம்புன ஒரு மனுஷிய நான் பாத்திருக்கேன்."

பேராதனையில் இறங்கிப் போய்விட்டார். அவரைக் காப்பாற்றியதற்காக அந்தப் பெண்ணுக்கு ஏதும் நேர்ந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. அதை நினைத்து இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.