மரியாதையாகத் துப்பிய டப்பா

வாரக்கணக்கில் இருமல் விடாததால், டிபியாக இருக்குமோ என்று டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பொள்ளாச்சியில் ஒரு தனியார் லேபுக்குப் போனேன். கிருமியின் மரபணுவையே கண்டுபிடிக்கும் மெஷின் என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள்.

டப்பாவைக் கையில் கொடுத்தார்கள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் காறித் துப்புவது மரியாதையா? நாசூக்காகக் கொஞ்சம் எச்சிலைத் துப்பி நீட்டினேன். லேப்காரர் டப்பாவைப் பார்க்கவே இல்லை. "போதுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் கைக்குழந்தையை அன்றே மடியில் போட்டுக் கொஞ்சினேன்.

இருமல் நிற்கவில்லை. மறுபடி போனபோது டாக்டர், "நீங்க கொடுத்தது சளிங்களா, எச்சிலுங்களா?" என்று கேட்டார். "எச்சில்ல டிபி கிருமி சிக்காதுங்க" என்றும் சொன்னார்.

"வீடே அதிர இருமறவரு, அங்க போயி புதுமாப்பிள்ளையாட்ட துப்பிப்போட்டு வந்துட்டாருங்க" என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

இந்த முறை நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுத்தேன். டிபிதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பேரனுக்குத் தொற்றவில்லை. ஆனாலும் தினமும் தடுப்பு மருந்து தரவேண்டும் என்றார்கள்.

லேபில் போய்க் கேட்டேன். "நீங்க கொடுத்ததைத்தானுங்க டெஸ்ட் பண்ணினோம்" என்றார்கள். அவ்வளவு பெரிய மெஷின் வாங்கியவர்களுக்கு டப்பாவை ஒருமுறை தூக்கிப் பார்க்க ஆள் இல்லையா? முட்டாள் நான்தான், சரி. அதைக் கண்டுபிடிக்கத்தானே லேப்காரருக்குச் சம்பளம்?

இப்போதெல்லாம் சிகிச்சைக்கு நடுவே மறுபடி சளி கொடுக்கப் போனால், லேபுக்கு வெளியே திறந்தவெளியில் நின்று ஊருக்கே கேட்கும்படி இருமுகிறேன். "இது சளிதானுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்காமல் டப்பாவைக் கொடுப்பதில்லை. லேப்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மருந்து குடிக்கும்போது என் பேரன் சுளிக்கிற முகத்தை நான் தினமும் பார்க்கிறேன்.