சஹனில் ஒரு வடதுருவம்

அறுபதுகளில், தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஆளுக்கொரு தட்டு என்ற பேச்சே கிடையாது. ஊர் வழக்கப்படி சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவோம். வாப்பா மதியச் சாப்பாட்டைத் தோல் பட்டறையிலேயே முடித்துக்கொள்வார். ஆகவே பாதித் தட்டு உம்மாவுக்கு, பாதி எனக்கு. பெரியம்மா இறந்து, அவள் மகளை, நான் லாத்தா என்று கூப்பிடும் அக்காவை, ஊரிலிருந்து கூட்டிவந்த பிறகு என் பங்கு சுருங்கியது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். லாத்தாவிடம் பேசும்போது உம்மாவின் குரல் இளகிவிடும். அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். போதாததற்கு அவள் பூகோளத்தில் வகுப்பிலேயே முதல்.

ஒருநாள் கறியில் நல்லியெலும்பு ஒன்றே ஒன்று வந்தது. உம்மா அதைச் சரியாக நடுவில் வைத்தாள். நான் சோற்றில் விரலால் கோடு கிழித்து, அது என் எல்லைக்குள் என்றேன்.

"இது தீர்க்கரேகை மாதிரில்லா இருக்கு," என்றாள் லாத்தா. உடனே சஹன் வடதுருவமாகிவிட்டது. சோற்றில் வட்டம் வட்டமாகப் போட்டாள். அட்சரேகைகளாம், நடுவை நெருங்க நெருங்கச் சிறுத்துப்போகுமாம். ஓரத்தில் விலகி நிற்கும் தீர்க்கரேகைகளோ நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேருமாம். நல்லி இருப்பது அந்தப் புள்ளியில்.

"அது எல்லாக் கோட்டுலயும் இருக்கு. யாருக்குன்னு சொல்ல முடியாது சாச்சி," என்றாள் உம்மாவிடம்.

உம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அங்க கிழக்கு மேற்கே கிடையாது. எந்தப் பக்கம் திரும்புனாலும் தெக்குதான்," என்றாள் லாத்தா.

"அப்ப நீ அங்கயே போயிரு!" என்று கத்தினேன்.

லாத்தாவுக்குக் கோபம் வரவில்லை. "போனா நல்லாத்தான் இருக்கும்," என்றாள்.

உம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நல்லியை எடுத்துத் தட்டி, உள்ளே இருந்ததைச் சோற்றோடு பிசைந்து லாத்தாவுக்கு ஊட்டினாள். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஊட்டல்!

பூகோளம் படித்தால் நல்லி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, லாத்தாவின் புத்தகத்தை எடுத்து நெட்டுருப் போட்டேன். துருவத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான் என்று உம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒப்பித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியம்மாவை அடக்கம் செய்த ஊர் பம்பாய்க்குத் தெற்கே இருக்கிறது என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.