கரடியின் கழுத்தில் ஒரு பிசகு

எங்கள் கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுப்பது நான். வாயை முகத்தில் ஒட்டுவது என் அக்கா, பெரியம்மா மகள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளி. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. அப்படியென்றால் பெயர் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். "ஒரு புள்ளி இடது, ஒரு புள்ளி மேல" என்று திரையோடு பேசிக்கொண்டே வேலை செய்வாள். வீட்டிலும் அந்தப் பேச்சு நிற்காது. சுவர்க் கடிகாரத்தை மாட்டி முடிப்பதற்குள் அவள் கணவருக்கு, எங்கள் மாமாவுக்கு, கை மரத்துப்போகும்.

"இப்ப சரியா?"

"கொஞ்சம் இடது."

"இப்ப?"

"ஐயோ, அது ரொம்ப இடது. ஒரு மயிரிழைன்னா உங்க ஊர்ல ஒரு முழமா?"

"மணி தெரியுதா இல்லையா, அதைச் சொல்லு."

மாடியில் ஓவியர்கள் கரடியைத் துண்டு துண்டாக வரைவார்கள். தலை தனி, கண் தனி, வாய் தனி. கீழே இருக்கும் அக்கா அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு படத்திலும் அதனதன் இடத்தில் உட்கார வைப்பாள். மவுஸைத் தொடமாட்டாள், கை அசைந்தால் வாய் ஓடிவிடும். அம்புக்குறி விசைதான். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி நகரும். ஏதாவது ஒரு படத்தில் வாய் தப்பினாலும், ஓடவிட்டுப் பார்த்தால் கரடிக்கு விக்கல் எடுத்ததுபோல் இருக்கும்.

அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாதென்று சுவரெல்லாம் சாம்பல் பூச்சு. ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அவள் படித்தது ஓவியம். வேலைக்குச் சேர்ந்ததும் மாடிக்குப் போகத்தான். "முதல் கதை முடியட்டும், மேல வந்துடு" என்றார் முதலாளி. கதை முடிந்தால்தானே! ஊரில் இருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் கரடியைப் பிடித்துப்போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்த பெண் வேலையை விட்டாள். முதலாளி கீழே வந்தார். சூடான எதையோ வாயில் ஒதுக்கி வைத்திருப்பவர் மாதிரி பேசுவார்.

"இந்தாம்மா, நான் தடுக்கிற ஆளே இல்ல. உன் வேலைய இன்னொருத்தர் பழகிட்டா அன்னைக்கே நீ மாடிக்குப் போ."

அந்த இன்னொருத்தர் வந்தார். தடித்த கண்ணாடி, வேறு கம்பெனி அனுபவம். எது எங்கே உட்கார வேண்டும் என்பதை அளந்து, கணினியில் எண் போட்டு வைப்பார். முகம் நேராக இருந்தவரை ஒரு குறையும் இல்லை. கரடி தலையைத் திருப்பியதும் வாய் காதுப் பக்கம் போய்விட்டது.

"என்னய்யா, கரடி காதால சிரிக்குது?" என்றார் முதலாளி.

"நம்பர் கரெக்டாத்தான் சார் இருக்கு."

"அப்ப நம்பரையே சிரிக்கச் சொல்லு."

கண்ணாடிக்காரர் மறுபடி வைத்தார். வாய் மறுபடி போயிற்று. அந்த வார முடிவில் அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைப்பதைப் பார்த்த அக்கா, என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், தப்பு அவர் மேல இல்ல. கழுத்துல."

"யார் கழுத்துல?"

"கரடி கழுத்துல. என்னால."

தலை எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறதோ, அப்படி ஒரு புள்ளியைக் கணினிக்குக் காட்ட வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி. சேர்ந்த புதிதில், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டாள். கீல் பிசகிய கதவு திறக்கத் திறக்க விலகுமே, அதேபோல் தலை திரும்பத் திரும்ப வாய் விலகியது. கண்டுபிடித்தபோது கரடி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் வாயைத் தட்டித் தட்டி இடத்துக்குக் கொண்டுவருகிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"எல்லாரும் உனக்குக் கைராசின்னு சொன்னாங்களே."

"நானும் கேட்டுக்கிட்டு சும்மாதானே இருந்தேன். இப்ப சொன்னா மானம் போகும். சொல்லலைன்னா அந்த மனுஷன் வேலை போகும், நான் இந்தச் சாம்பல் டப்பாக்குள்ளயே கிடப்பேன்."

சொல்லிவிட்டாள். முதலாளி திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் காதைக் குடைந்துகொண்டே, "சரி, கழுத்தைச் சரி பண்ணிட்டு மேல போ" என்றார். அவ்வளவுதான்.

கீலைச் சரியான இடத்துக்கு மாற்றினாள். கண்ணாடிக்காரர் எண் போட்டார். வாய் சொன்ன பேச்சைக் கேட்டது. அவர் பாட்டில் மேசைக்குத் திரும்பியது. அக்கா தன் பென்சில் டப்பாவையும் ஸ்வெட்டரையும் பைக்குள் வைத்தாள். மாமா சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, "இனிமே அவளுக்கு ஜன்னல் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிய கரடியை முதலாளி அறையில் ஓட்டினோம். திரும்பியது. சிரித்தது. என் குரலில்தான் சிரித்தது. எனக்கே யாரோ போலிருந்தது.

"யாரு இது?" என்றார் முதலாளி.

"நம்ம கரடிதான் சார்."

"நம்ம கரடி திரும்பினா வாய் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டுப் பின்னால வரும். இது கடை வாசல்ல கை ஆட்டுற பொம்மை."

"அந்தக் கூச்சம்தான் சார் தப்பு. நான் தட்டினதுல மிஞ்சினது."

"அந்தத் தப்பைத் திருப்பிப் போடு."

அக்கா பையை விடவில்லை. "போடறேன் சார். இவருக்கும் சொல்லிக் குடுத்துடறேன். அப்புறம் நான் மேல போறேன்."

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க மேடம். இடது பக்கம் திரும்பினா எத்தனை தட்டு?"

அக்கா வாயைத் திறந்தாள். மடியில் இருந்த பையின்மேல் விரல் தானாகத் தட்டிப் பார்த்தது. மறுபடி தட்டியது.

"அது... சிரிப்பைப் பொறுத்தது."

"எந்தச் சிரிப்புக்கு எத்தனை?"

"பாத்தா தெரியும்."

"எனக்குத் தெரியலையே மேடம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் வரையவும் வருமாம். அவரை மாடிக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அவள் ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதலாளிக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் அந்த ஜன்னலோர நாற்காலியைக் கீழே அனுப்பிவைத்தார். நல்ல நாற்காலி, சுழலும். தூக்கி வந்த இருவருக்கும் புள்ளியின் குணம் தெரியும். மேசைக்கு முன்னால் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு காத்து நின்றார்கள்.

"இன்னும் இடது தள்ளணுமாக்கா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கரடி பாதி திரும்பியிருந்தது.

"எங்க இருந்தா என்ன. விட்டுட்டுப் போங்கப்பா."