ரெண்டு பின்னு ப்ளக்

போன செவ்வாக்கெழம கொடுமுடியில, வாயே தொறக்காம ஒரு பொய் சொல்லிப்போட்டு வந்துட்டேனுங்க. வாரவாரம் இந்தப் பத்திரிகைல உங்ககிட்டதான எல்லாத்தையும் கொட்டறேன்... இதையும் கேட்டுக்கங்க.

எங்கண்ணன் டேபிள் டாப் கிரைண்டர் செஞ்சு வித்துட்டிருந்துச்சு. சிங்காநல்லூர்ல எங்க ஊட்டு முன் ரூம்புதான் கம்பெனி. பத்திரிகைல கட்டம் கட்டி ஒரு சின்ன விளம்பரம். லெட்டர் வந்தா லாரி பார்சல்ல மெசினு போகும். அண்ணன் மோட்டார் மாட்டும், நான் ப்ளக் மாட்டுவேன். எட்டாவதோட நின்னவளுக்கு அது போதுமே!

மஞ்சக்காமாலைல அண்ணன் போயி ரெண்டு மாசமாச்சுங்க. நடுவுல ரெண்டு வாரம் நான் ஏன் எழுதலைன்னு கேட்டீங்கல்ல... அதான்.

அண்ணனுக்கு இன்னொரு வியாதியும் இருந்துச்சு. யாரு என்ன கேட்டாலும் 'முடியாதுங்க'ன்னு வாயில வராது. "எங்கூட்டு போர்டுல ரெண்டு ஓட்டைதானுங்க"ன்னு ஒருத்தர் எழுதுனாப் போதும். "அதுக்கென்னுங்க, ரெண்டு பின்னே மாட்டித் தாரேன்"னு பதில் போயிரும். மூணாவது பச்சை ஒயரு, அதான் எர்த்து — அத நறுக்கி உள்ள மடக்கி வெச்சது யாரு? நாந்தான். மொத்தம் ஒம்போது மெசினு.

போன மாசம் ஒரு லெட்டர். "மெசின் அருமையா ஆட்டுதுங்க. மாவு பஞ்சாட்டம் வருது. ஈரக்கையில தொட்டா மட்டும் கொஞ்சம் சுர்ருங்குது. மத்தபடி ஒரு கொறையுமில்லீங்க."

பாத்தீங்களா? கரண்ட் அடிக்குதுன்னாக்கூட எங்காளுங்க பாராட்டித்தான் எழுதுவாங்க!

பக்கத்து ஊட்டு எலக்ட்ரீசியன்கிட்ட லெட்டரைக் காட்டுனேன். "எர்த்து இல்லாம இரும்பு பாடியா? எவன் இத..."ன்னு ஆரம்பிச்சவரு, எம்மூஞ்சியப் பாத்து நிறுத்திக்கிட்டாரு.

அட்ரஸ் இருந்த எட்டுப் பேத்துக்கும் கார்டு போட்டேன். அண்ணன் தப்பு பண்ணிருச்சுன்னு எழுதக் கை வரல. 'ப்ளக்கில் சிறு மாற்றம் செய்கிறோம்'னு எழுதுனேன். ஒரு பதிலும் வரல. மறுபடி எழுதுனேன் — 'நாங்க பண்ணுன தப்புங்க. உசுரு போயிரும். மெசினை நிறுத்துங்க.' ஏழு பேரு பதில் போட்டாங்க. எர்த்து இழுத்து, மூணு பின்னு மாத்தியாச்சு. கொடுமுடிக்காரங்க மட்டும் மூச்சு விடல. பஸ் ஏறிட்டேன்.

அங்க போனா, கிரைண்டருக்கு முன்னாடி ஒரு ஜோடி ஊதா ரப்பர் செருப்பு.

"ஆருதுங்க இது?"

"கிரைண்டர் செருப்பு கண்ணு"ன்னாங்க ஊட்டம்மா. "போட்டுட்டுத் தொட்டா ஒண்ணும் பண்றதில்ல. என்ன, மருமகளுக்குத்தான் அளவு பத்தல."

நான் மறுபடி எல்லாஞ் சொன்னேன். அவங்க ஊட்டுக்காரரு அசையல. "ஏனம்மணி, ஆறு மாசமா நல்லாத்தான ஓடுது? இப்பக் குழி தோண்டு, ஒயர் இழுங்கற. மெசின் குடுத்த அந்தத் தம்பி எங்க? அவரையே வந்து சொல்லச் சொல்லு."

"அண்ணன் எறந்துருச்சுங்க."

அந்தம்மா கிரைண்டரப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. திரும்பக் கிரைண்டரப் பாத்தாங்க.

"இதுலயா கண்ணு?"

'இல்லீங்க, காமாலை'ன்னு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. அந்நேரம் பாத்து, அவங்க பேரன் தத்தித் தத்தி வந்து, கிரைண்டரத் தட்டி வெளையாடறான். ரெண்டு வயசு. வெறுங்காலு. கையெல்லாம் எச்சி. சுவிட்சு போடலதான்... ஆனா ப்ளக் மாட்டியே இருக்குது.

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அழுகை தன்னால வந்துச்சு. அது மட்டும் பொய்யில்லீங்க.

"ஏனுங் மாமா, இன்னும் பாத்துட்டு நிக்கறீங்க!"ன்னு அந்தம்மா புருசனப் பாத்துப் போட்ட சத்தத்துல, மனுசன் ப்ளக்கைப் புடுங்கி வீசிப்போட்டு, கடப்பாரையோட பொடக்காளிக்கு ஓடுனாரு. எனக்குக் காப்பி வாரதுக்குள்ள ஊட்டுக்குப் பின்னால முழங்கால் ஆழத்துக்குக் குழி! எர்த்துக் குழில போடற கரியும் உப்பும் எங்க வாங்கறதுன்னு அவரே கேக்கறாரு.

பஸ்ஸுல வாரப்ப மனசு கேக்கல. அண்ணனை நானே இன்னொருக்கா சாகடிச்ச மாதிரி இருந்துச்சு. அது இருந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? 'அதுக்கென்னுங்க'ன்னுதான்.

ஒண்ணு யோசிச்சேனுங்க. விக்கறவங்களுக்கு 'முடியாது'ன்னு சொல்லக் கூச்சம். வாங்கறவங்களுக்கு 'அடிக்குது'ன்னு சொல்லக் கூச்சம். நடுவுல ஓடற கரண்ட்டுக்கு மட்டும் ஒரு கூச்சமும் கெடையாது.

ஏழும் ஒண்ணும் எட்டு. ஒம்போதாவது? நேர்ல வந்து கையோட தூக்கிட்டுப் போனவங்க. அண்ணன் நோட்டுல 'ஈரோட்டு அக்கா, பச்சைக் கலர் மெசினு'ன்னு மட்டும் எழுதி வெச்சிருக்குது. ஈரோட்டுல எத்தனை அக்காங்க! அந்த அக்கா நீங்களா இருந்தா, இல்ல உங்க பக்கத்து ஊட்டுக்காரங்களா இருந்தா, இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்க. நான் வந்து மாத்தித் தாரேன்.

கார்டு மெதுவாப் போடலாமுங்க... மொதல்ல ப்ளக்கைப் புடுங்குங்க!