சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் படியா?

விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளன் நான். பெரிய விமான நிலையம் ஒன்றிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்தேன். எத்தனை அனுபவம் இருந்தாலும், புது ஊர்க் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உள்ளூர்ப் பயிற்றுநரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் தேற வேண்டும். எனக்கு வாய்த்தவள் என்னைவிட மிக இளையவள், சாத்தான்குளத்துக்காரி. பயிற்றுநர்களுக்குப் பயிற்சியும் தனிப்படியும் கேட்டு அவர்கள் மனு எழுதியபோது, "சும்மா உட்கார்ந்திருக்கறதுக்குப் படியா?" என்று சிரித்தவன் நான்.

அன்று துறைமுகம் பக்கமிருந்து ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. மயில்களை விரட்டப் போன ஜீப் ஓடுபாதை நடுவே நின்றுவிட்டது.

"இந்தா கெளம்பிட்டேன் சார்" என்றார் டிரைவர் வயர்லெஸ்ஸில். ஜீப் அசையவில்லை. விமானத்தின் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மைக் என்னிடம் இருந்தாலும், ஒரு பட்டனை அழுத்தினால் அவளே குறுக்கிட்டுப் பேசிவிடலாம். அவளோ வாயே திறக்கவில்லை. இன்னும் ஒரு நொடி பார்ப்போம் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை, விமானத்தை மேலே ஏறச் சொல்லிவிட்டேன். ஜீப்புக்கு மேல் இரைந்துகொண்டு போனது அது.

"ஏம்மா சும்மா இருந்தே?" என்று கத்தினேன்.

அவள் தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்தாள். சிவந்திருந்தன.

"கைய விட்டா மைக்கப் பிடுங்கிருவேன் சார். பெறவு நீங்க எப்படிக் கத்துக்கிடுவீங்க? எப்பப் புகுந்து பேசணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. இன்னைக்குப் பொறுத்தது சரியான்னுகூடத் தெரியல. தப்பாயிருந்தா என் லைசென்ஸும் போயிருக்கும்."

அன்று மாலையே மனுவில் கையெழுத்துப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. எந்தப் பயிற்சியும் இல்லாமலே இப்போது நானும் பயிற்றுநர். பக்கத்தில் புதியவர் ஒருவர் மைக்கைப் பிடித்திருக்கிறார். என் கைகள் தொடைக்கடியில் இருக்கின்றன.